தோய்க்காத சீலை

2009 ஆம் ஆண்டு எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. பாடசாலை பொத்துவில் பக்கம். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரான களுதாவளையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கிழமை நாட்களில் அங்கேயே ஓர் அறையெடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை வீடு வருவது என்றும், இரண்டு வயது நிரம்பியிருந்த மகளை அம்மா பார்த்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு நான் பெட்டிக்குள் உடுப்பு அடுக்கிக்கொண்டிருக்கையில் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "இண்டைக்கு உடுத்த சீலைய தோய்க்காம வெச்சிட்டுப் போ மகள்" என்றார். என் வேலையைக் குறைப்பதற்காகச் சொல்கிறார், பிறகு தானே தோய்த்து வைப்பார் என்று எண்ணிக்கொண்டு, அந்தப் பருத்திச் சீலையைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி கடந்திருந்தது, மகள் உறங்கிவிட்டாள். என் சீலை நான்காக மடிக்கப்பட்டு அவளுடைய பாயின் மேல் விரிக்கப்பட்டிருந்தது. அதன் முந்தானையைக் கைக்குள் சுருட்டி மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டு அவள் கிடந்தாள். அம்மா குப்பி விளக்கைத் தணிப்பதைப் போலக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "முதல் ரெண்டு நாளும் உன்னத் தேடி அழுதிச்சி. மறுகா இத விரிச்சிப் படுக்க வெச்ச நான். மணம் தெரியும்தானே புள்ளைக்கு." இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அம்மா மகளின் காலைச் சீலையால் மூடிவிட்டு, "குவைத்துக்குப் போகக்குள்ள உன்ட தங்கச்சிட சட்டை ஒண்ட தோய்க்காம கொண்டு போன நான். கொஞ்ச மாசம் மணம் இருந்த. மறுகா இல்லாமப் போயிற்று" என்றார்.

எனக்கு அப்போது 28 வயது. அம்மா முதன்முதலில் குவைத்துக்குப் போய் 20 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தச் சட்டையைப் பற்றி அதுவரை நான் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அம்மா சொல்லாததால் அல்ல, நான் கேட்காததால். அன்றிரவு தொடங்கித்தான் என் தாயை நான் படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பில் எனக்குப் பயன்பட்டவற்றை, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் என்னைப் போலவே வெளிநாடு போய் வந்த தாய்மாரின் பிள்ளைகளாக வளர்ந்தவர்களுக்கும், இன்று அப்படி வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா வெற்றிலைத் தோட்டம் செய்தவர். களுதாவளை மணலில் வெற்றிலைக் கொடி நன்றாக ஏறும். கொடி நட்டுப் பந்தலிட்டு விடாமல் தண்ணீர் ஊற்றினால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளலாம். 1987 இல் காய்ச்சல் வந்து அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று, தங்கை பிறந்து சில மாதங்கள். அம்மாவுக்கு 30 வயது. ஒன்றரை வருடம் அம்மாவும் அம்மம்மாவும் தோட்டத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்தார்கள். கடன் ஏறியதே தவிர இறங்கவில்லை. 1989 தை மாதம், தாலிக்கொடியை அடகு வைத்து முகவருக்குக் காசு கட்டி, அம்மா குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். வாகரை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும், தமிழ் ஊர் முஸ்லிம் ஊர் என்ற வேறுபாடில்லாமல், அக்காலத்தில் எத்தனையோ தாய்மார் இதே வழியில் போனார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உருவாக்கிய சட்டம் 1985 இல்தான் வந்தது. எங்கள் கிராமத்துப் பெண்களுக்கோ பணியகம் எது, முகவர் யார், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கப்படுத்த ஆள் இல்லை. அம்மாவின் மாதச் சம்பளம் 30 தினார். அதற்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்வது என்ற கணக்கு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எங்களை வளர்த்தவர் அம்மம்மா. இந்தப் பகுதியில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. ஒருவர் எந்தக் குடி, குடிக்குள் எந்த வயிற்றுவார் என்ற தாய்வழிக் கிளை என்று கேட்டால் தாயின் பெயரையும் தாயின் தாயின் பெயரையும் சொல்லித்தான் விடை சொல்ல வேண்டும். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதும் அந்த வழக்கத்தோடு சேர்ந்ததுதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாயும் அதே வளவுக்குள் இருப்பார். ஆகவே தாய் கடல் கடந்து போனாலும் பிள்ளைகள் வளவை விட்டுப் பிரியவில்லை. உறவுக்காரர் வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கப்படவுமில்லை. அந்த அரண் எங்களுக்கு இருந்தது என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அதே அரண், அம்மா இல்லாத இடத்தை அம்மம்மா நிரப்பிவிட்டார் என்ற எண்ணத்தையும் எனக்குள் வளர்த்துவிட்டது.

1990 ஆனியில் யுத்தம் மறுபடி மூண்டது. நாங்கள் குருமண்வெளித் துறையால் வாவியைக் கடந்து மண்டூரில் அம்மம்மாவின் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடிதப் போக்குவரத்து நின்றுவிட்டது. நாங்கள் உயிரோடிருக்கிறோமா என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அன்றிலிருந்து அம்மா உயிரோடிருக்கிறாரா என்று எங்களுக்கும் தெரியாது. மண்டூரில் வானொலி வைத்திருந்த ஒருவர் வீட்டு வாசலில் அம்மம்மா ஒவ்வோர் இரவும் பிபிசி தமிழோசை கேட்கப் போய் உட்காருவார். குவைத் என்ற சொல் வந்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொள்வார். அம்மா மற்றப் பெண்களோடு சேர்ந்து ஈராக் வழியாக ஜோர்தான் எல்லைக்கு வந்து, பாலைவனத்தில் கூடாரங்களுக்குள் நாட்கணக்கில் காத்திருந்து, விமானத்தில் கொழும்பு வந்து, அங்கிருந்து சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக இறங்கி ஏறி ஐப்பசி மாதம் எங்களிடம் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை மட்டும் இருந்தது. தங்கைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நான் அம்மம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அம்மா 1992 இல் சவூதிக்குப் போனார். இடையில் ஒரு தடவை வந்து நின்றுவிட்டு மறுபடி போய், 1999 இல் ஒரேயடியாகத் திரும்பினார். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த நான், ஏதோ ஒரு சிறு விடயத்துக்காக அம்மா என்னைக் கண்டித்தபோது, "நீங்க காசு அனுப்பின நீங்க, வளத்தது அம்மம்மா" என்று சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, காலையில் ஒருமுறை கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டினார். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், அம்மா "அதெல்லாம் எனக்கு நினைவில்ல" என்று சொல்லிவிடுகிறார். நினைவில்லாமல் இருக்காது.

மன்னிப்புக் கேட்பதை விட மேலான ஒன்று உண்டு என்று பொத்துவிலுக்குப் போய் வந்த மூன்று வருடங்களில் கண்டுகொண்டேன். தாய் என்ன செய்தார் என்பதை மிகச் சரியாக, விவரமாக அறிந்துகொள்வதுதான் அது. "அம்மா எங்களுக்காகக் கஷ்டப்பட்டார்" என்று நான் எத்தனையோ மேடைகளில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்வது எளிது. எந்தத் தாய்க்கும் பொருந்தும். ஆனால் அந்த வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேருக்குச் சமையல், இரவில் எங்கே படுத்தார், என்ன பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. தாயின் உழைப்பைத் தெரியாமல் தாயைப் போற்றுவது, பாடத்தைப் படிக்காமல் பரீட்சைக்குப் போவதற்குச் சமம் என்று ஓர் ஆசிரியையாக எனக்குத் தோன்றியது.

முதலில் கேட்கும் முறையே எனக்குப் பிழைத்துவிட்டது. அம்மாவை எதிரில் உட்காரவைத்து, "அங்க உங்களுக்கு எப்படி இருந்த?" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ற, இருந்தம், வந்தம்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். பெரிய கேள்விக்குத் தாய்மார் இப்படித்தான் பதில் சொல்வார்கள் என்பதைப் பல வீடுகளில் பின்னர் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கைக்கு வேலை இருக்கும்போது, அந்த வேலையோடு தொடர்புள்ள சிறு கேள்வி ஒன்றைக் கேட்டால் பேச்சு தானாக வரும். அம்மா என் மகளின் சட்டையை மின்னழுத்தியால் அழுத்திக்கொண்டிருந்தபோது, "குவைத்திலும் இதே மாதிரியா அழுத்தின நீங்க?" என்று கேட்டேன். அழுத்தி நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. அந்த வீட்டு ஆண்கள் உடுத்தும் வெள்ளைத் திஷ்தாஷா அங்கி நீளமானது, கழுத்துப் பட்டியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் திருப்பி வீசுவார்கள், வியாழன் இரவில் மறுநாள் தொழுகைக்கு உடுப்பதற்காக ஐந்தாறு உருப்படிகளை ஒன்றாக அழுத்தி முடிக்க வேண்டும், முடிய நள்ளிரவாகும் என்று சொன்னார். அந்த வீட்டில் 11 பேர். அவர்கள் அம்மாவின் பெயரைச் சொல்ல வராது என்று வேறொரு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். "அந்தப் பேரச் சொல்லி ஆரும் இப்ப கூப்பிட்டாலும் திரும்பித்தான் பாப்பன்" என்றார்.

அதைக் கேட்டபின் நான் ஒரு கொப்பி வாங்கினேன். அம்மா சொல்வதைச் சொன்ன சொல்லிலேயே, திகதி போட்டு, அன்றன்றே எழுதிவைக்கிறேன். கைப்பேசியில் பதியலாம்தான், ஆனால் பதிவுக் கருவியை முன்னால் வைத்தால் அம்மா மேடையில் பேசுவதைப் போலப் பேசத் தொடங்கிவிடுகிறார். கேட்பதற்கு வயதும் ஒரு தடையில்லை. என் மகள்தான் என்னை விட நல்ல கேள்விகள் கேட்பவள், "அம்மம்மா, உங்களுக்கு அங்க கட்டில் இருந்ததா?" என்று அவள் கேட்டிராவிட்டால், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் மெத்தை ஒன்றைப் போட்டுக்கொண்டு அம்மா ஒன்றரை வருடம் படுத்ததை நான் அறிந்திருக்க மாட்டேன்.

துன்பத்தை மட்டும் தேடிக் கேட்பதும் ஒரு பிழை என்று பின்னர் விளங்கியது. தாயை இரக்கத்துக்குரியவராக மட்டும் பார்த்தால், அவருடைய திறமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எங்கள் அம்மா அரபு பேசுவார். கோழிகளைக் கூட்டில் அடைக்கும்போது "யல்லா, யல்லா" என்று விரட்டுவதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருந்தும், ஒரு மொழியைப் புத்தகமோ ஆசிரியரோ இல்லாமல், அடுப்படியில் நின்று காதால் மட்டும் கற்றுக்கொண்ட ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. குவைத்தியர் பெருநாளுக்கும் விருந்துக்கும் ஆக்கும் மஜ்பூஸ் என்ற இறைச்சிச் சோறு அம்மாவுக்குக் கைவந்தது என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஆக்கித் தரச் சொன்னேன். முதலில் மறுத்தார், பிறகு அவரே கடைக்குப் போய்க் கறுவா, ஏலம், நீட்டரிசி எல்லாம் வாங்கிவந்தார். அதற்குக் காய்ந்து கறுத்த தேசிக்காய் வேண்டுமாம். ஊறுகாய்க்கென்று ஓலைப் பெட்டியில் உப்பில்லாமல் காயவைத்திருந்த தேசிக்காய்களில் நான்கைத் தெரிந்தெடுத்து, முள்ளுக்கரண்டியால் குத்தித் துளையிட்டு இறைச்சியோடு போட்டார். மூடியைத் திறந்தபோது வந்த ஆவியில் முகத்தைக் காட்டி, கண்ணை மூடி, "இதுதான்" என்றார். தம்பியும் தங்கையும் பிள்ளைகளும் சுற்றியிருந்து சாப்பிட்டோம். மற்றவர்களுக்காக ஆக்கிய சோற்றைத் தன் பிள்ளைகளுக்கு அம்மா பரிமாறியது அதுதான் முதல் தடவை. பரிமாறும்போது அவர் முகத்தில் நான் கண்டது துக்கமில்லை, பெருமை.

இனி, என் மனதை மிகவும் அறுத்த விடயத்துக்கு வருகிறேன். குவைத்திலிருந்து அம்மா கடிதத்துக்குப் பதிலாகப் பல தடவை ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். ஊருக்கு விடுமுறையில் வருபவர்களின் கையில் கொடுத்துவிடுவார். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாவுக்கு அது பெரும் உதவி. நாங்கள் மூவரும் அம்மம்மாவைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பிறகு சிவப்புப் பொத்தானையும் மற்றதையும் ஒன்றாக அழுத்தி நாங்களும் பேசிப் பதிந்து அனுப்புவோம். அப்படி வந்தவை ஒன்பது நாடாக்கள். 1994 இல், எனக்கு 13 வயதாக இருந்தபோது, வானொலியில் போகும் சினிமாப் பாடல்களைப் பதிவதற்கு வெற்று நாடா வாங்கக் காசில்லாமல், அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் மேலேயே பாடல்களைப் பதிந்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அம்மா அப்போது சவூதியில் இருந்தார்.

2016 இல் தம்பி வீடு மாறும்போது பழைய நிடோ பால்மா டின் ஒன்றுக்குள் அந்த நாடாக்கள் அகப்பட்டன. எட்டில் பாடல்கள் மட்டுமே இருந்தன. ஒன்றின் இரண்டாம் பக்கத்தில், கடைசிப் பாடல் முடிந்து சற்று இரைச்சல் கேட்டபின், அம்மாவின் குரல் நான்கு நிமிடம் மிஞ்சியிருந்தது. 32 வயதுப் பெண்ணின் குரல். என்னை விட இளையவளின் குரல். பின்னணியில் தண்ணீர் கொட்டும் சத்தம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா கிசுகிசுப்பதைப் போல வேகமாகப் பேசுகிறார்: "தலைக்கு எண்ண வெச்சயா மகள். தங்கச்சிட காதுக்குள்ள தண்ணி போகாம முழுக வாக்கச் சொல்லு. தம்பிய மாரிக்குள்ள தோணாப் பக்கம் விடாத. தோட்டத்துக் கிணத்துக் கயிறு இத்துப் போயிருக்கும், மாமாட்டச் சொல்லி மாத்தச் சொல்லு." நான்கு நிமிடத்திலும் தன்னைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. எங்கள் வளவின் ஒவ்வொரு மூலையும், எங்கள் உடம்பின் ஒவ்வோர் இடமும் அவருடைய நினைவில் இருந்திருக்கிறது. வளர்த்தது யார் என்று நான் கேட்ட கேள்விக்கு விடை ஒலிநாடாவில் இருந்தது. அதன் மேலே நான் பாட்டுப் பதிந்திருந்தேன்.

இப்படியான நாடாக்கள் நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்கு மேலும் தகரப் பெட்டிக்குள்ளும் கிடக்கின்றன. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நாடாவின் மேல் விளிம்பில் இரு பக்கமும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதையும் பதிய முடியாது. இந்தச் சிறு விடயம் எனக்கு 1994 இல் தெரிந்திருக்கவில்லை. கடற்காற்றும் மாரி ஈரமும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும்; வெண்புள்ளி தெரிந்தால் ஓடவிடாமல், இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது. நல்ல நிலையில் இருந்தால் முதலில் ஒருமுறை முழுவதும் முன்னோக்கிச் சுற்றி, மறுபடி பின்னோக்கிச் சுற்றிவிட வேண்டும். பல வருடம் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் அதனால் இளகும். பிறகு ஒலிப்பெட்டியில் காதுக்குழல் செருகும் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினிக்குக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். பதிந்ததை ஒரே இடத்தில் வைக்காமல் உடன்பிறப்புகள் எல்லோரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்கச் செய்யுங்கள். கடிதங்களையும் காசு அனுப்பிய வங்கித் துண்டுகளையும் அப்படியே படமெடுத்து வைத்தோம். துண்டுகளைத் திகதிப்படி அடுக்கியபோதுதான், அம்மா ஒரு மாதமும் தவறவிடவில்லை என்பது எங்கள் மூவருக்கும் கண்ணால் தெரிந்தது.

அந்தக் காசில் எழுந்ததுதான் நான் குடியிருக்கும் வீடு. சுவர் சவூதி உழைப்பு. கூரை குவைத்துக்கான இழப்பீடு. ஈராக்கின் படையெடுப்பால் இழப்புற்றவர்களுக்காக 1991 இல் அமைக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணைக்குழு, குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்தவர்களில் தனியாள் ஒருவருக்கு 2,500 டொலரும், வேறு இழப்பு எதையும் கோராதவருக்கு 4,000 டொலரும் என்று நிர்ணயித்து, அந்தந்த நாட்டு அரசாங்கங்களின் வழியாகக் கொடுத்தது. அம்மாவின் பங்கு ஓடாகவும் மரமாகவும் மாறியது. 2005 இல் எனக்குக் கலியாணம் முடிந்தபோது, வழக்கப்படி அந்த வீட்டை அம்மா என் பெயருக்குச் சீதனமாக எழுதினார். எழுதிக் கொடுத்த அன்றே தன் பாயையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு குசினியோடு சேர்ந்த சிறிய அறைக்குப் போனார். ஊர் முழுவதும் அதுதான் நடைமுறை என்பதால் எனக்கும் அது உறுத்தவில்லை. 11 வருடம் உறுத்தவில்லை.

அந்த நாடாவைக் கேட்ட பின்னர்தான் வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். அதில் அம்மாவுக்கென்று ஒரு வரியும் இல்லை. நான் அந்த வீட்டை விற்றாலும், கடனுக்கு ஈடுவைத்தாலும், எனக்கு ஏதும் நேர்ந்து வேறொருவர் கைக்குப் போனாலும், கட்டியவருக்குப் படுக்க உரித்தான இடம் அங்கே இல்லை. உறுதி எழுதும்போதே தாயின் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதலாம். தாய் உயிரோடிருக்கும் வரை அங்கே வாழவும் அனுபவிக்கவும் அந்த வரி உரிமை தரும். எங்கள் நொத்தாரிஸ் அப்போது அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2017 இல் நான் புதிதாக ஓர் உறுதி எழுதி அந்த உரித்தை அம்மாவுக்குக் கொடுத்தேன். அம்மா சம்மதிக்க ஆறு மாதம் எடுத்தது; "மகள நம்பாம எழுதி வாங்கின எண்டு ஊர் சொல்லும்" என்பதே அவருடைய கவலை. நம்பிக்கைக்கும் எழுத்துக்கும் பகையில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் பிள்ளைக்கு எதிராக ஒரு சபைக்கு முன்னால் போய் நிற்கக்கூடிய தாயை நான் இதுவரை கண்டதில்லை. ஆகவே பெண்பிள்ளைக்கு வீடு எழுதும் எந்தக் குடும்பமும், அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதுவிக்கும் பொறுப்பைப் பிள்ளையின் மேல் வைக்க வேண்டும். தாயின் மேல் அல்ல. அம்மா இப்போது முன்னறையில், வடக்குப் பக்கத்து யன்னலோரம் படுக்கிறார்.

உடம்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். "என்ன செய்யுது அம்மா" என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்பதைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைத்ததில்லை. கேட்பதை விட்டுப் பார்க்கத் தொடங்கினேன். கிணற்றடியில் வாளியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றியிருந்தார். இரவில் மூன்று நான்கு தடவை எழும்பினார். பரிசோதித்ததில் சீனி வியாதி என்று தெரிந்தது. கிளினிக் கொப்பியை இப்போது நான் வைத்திருக்கிறேன். மாத்திரை நேரத்தை மகள் வைத்திருக்கிறாள். 35 வயதைக் கடந்த பெண்களுக்கென்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடத்தப்படும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அம்மா உழைத்த வயது முழுவதும் போனதே இல்லை. அந்த நாள் வந்தபோதெல்லாம் அவர் வேறொரு நாட்டில் வேறொரு வீட்டில் இருந்தார். நான் போகிறேன், போகும்போது என் தங்கையையும் இழுத்துக்கொண்டு போகிறேன்.

இன்றைக்குத் தாய் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அம்மம்மாமாருக்கும் பெரியம்மாமாருக்கும் என் அனுபவத்திலிருந்து ஒன்றிரண்டு சொல்லலாம். என் வகுப்பில் அப்படியான பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். இப்போது கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச முடிகிறது. ஆனால் பல வீடுகளில் பேச்சு காசில் தொடங்கிக் காசிலேயே முடிகிறது. அழைப்பின் முதற்பகுதியைப் பிள்ளைக்கு விடுங்கள். விழுந்த பல்லையும், கிழிந்த செருப்பையும், குட்டி போட்ட ஆட்டையும் பிள்ளை காட்டட்டும். தொலைவில் இருக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான் என்பதை அம்மாவின் நான்கு நிமிடம் எனக்குச் சொல்லித் தந்தது. குழப்படி செய்தால் "அம்மாட்டச் சொல்லுவன்" என்று வெருட்டாதீர்கள். தூரத்தில் இருப்பவர் பிள்ளைக்குத் தண்டனையாக மாறிவிடுவார். பொத்துவிலில் நான் இருந்த மூன்று வருடமும் அம்மா என் மகளிடம் ஒவ்வொரு மாலையும், "அம்மா இப்ப கொப்பி திருத்துறா, அம்மா இப்ப சோறு ஆக்குறா" என்று நான் செய்யக்கூடிய வேலையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அதனால் வெள்ளிக்கிழமை நான் படலையைத் திறக்கும்போது அவள் யாருக்குப் பின்னாலும் ஒளியவில்லை, ஓடி வந்தாள். 1990 ஐப்பசியில் தனக்குக் கிடைக்காத ஒன்றை, அம்மா எனக்குக் கிடைக்கச் செய்திருந்தார்.

அந்த நான்கு நிமிடத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்ட எனக்கு நெடுநாள் துணிவு வரவில்லை. மற்றவற்றை நான் அழித்த கதையையும் சொல்ல வேண்டியிருக்குமே. ஒரு மார்கழி மாலை, மழை ஓட்டில் விழுந்துகொண்டிருக்க, முன்னறையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போட்டேன். அம்மா முழுவதையும் அசையாமல் கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை கேட்கும்போது நான், குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஆருக்கும் கேளாமல் பேசினீர்களா என்று கேட்டேன்.

"குழாய் இல்ல மகள், மழை" என்றார் அம்மா. "அங்க மழை வாறதே எப்பயாவதுதான். அண்டைக்கு வந்த. இஞ்சயும் மாரி பெய்யும், நீங்களும் கேட்டுக்கிட்டிருப்பீங்க எண்டு நினைச்சி, டேப்ப யன்னலுக்கு வெளியால நீட்டிப் புடிச்சிக்கிட்டுப் பேசின நான்."